தகட்டுக்கு அந்தப் பக்கம் மல்லிகை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், விஜயதசமி அன்று காலை, நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துத் தகரக் கொட்டகையின் முன்னால் நடந்தது இது. அன்று மாலையே டைரியில் எழுதி வைத்துவிட்டேன். தினமும் எழுதுகிறவள்தான் என்றாலும், அந்தப் பக்கத்தில் இருக்கும் கையெழுத்து என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம் வரும். வரிகள் அவ்வளவு கோணல்.

நான் திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் கணவருக்கு மல்லிகை விவசாயம். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், பெங்களூரில் விமானங்களைப் பழுது பார்க்கும் இடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்தவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்ட ஆரம்பித்தார். அதற்காக என் கணவர் டிராக்டரை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுக் கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார். கொடுத்தாரே தவிர, கேலி செய்வதை நிறுத்தவில்லை.

"ஏலே, இது மேல போறதுக்கா, இல்ல கோழி அடைக்கவா?" என்பார்.

"மொத டிக்கெட்டு உங்களுக்குத்தாண்ணே" என்பார் தம்பி.

"எனக்கு வேணாம்ப்பு. நான் வத்தலக்குண்டு பஸ்ஸிலயே ஜன்னல் சீட்டுல உக்கார மாட்டேன்."

நான் சனி, ஞாயிறுகளில் கொட்டகைக்குப் போய் வேலை நடப்பதைப் பார்ப்பேன். அங்கே என்னை முதலில் வியக்க வைத்தது இறக்கையோ மூக்கில் சுற்றும் விசிறியோ அல்ல, ஒரு தகடு. விமானத்தின் மூக்கில் இன்ஜின். அதற்குப் பின்னால் பெட்ரோல் டேங்க். அதற்கும் பின்னால், கால் நீட்டினால் டேங்க்கின் அடியில் முட்டும் தூரத்தில், ஓட்டுபவரின் இருக்கை. இன்ஜினுக்கும் டேங்க்குக்கும் நடுவில் நிற்பது ஒரு மெல்லிய எவர்சில்வர் தகடு மட்டும்தான். அதை ஃபயர்வால் என்றார் கொழுந்தன். எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அதே சொல். ஆனால் இங்கே அது நிஜமான தீக்கு நிஜமான சுவர்.

"நம்ம வீட்டுச் சோத்துத் தட்டு இதவிடக் கனமா இருக்கும் போலயே தம்பி" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு சுருளை விரித்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று, பஞ்சு மெத்தை போல இருந்தது. உலைகளுக்கு உள்ளே பதிக்கும் செராமிக் கம்பளம். அதைத் தகட்டின் இன்ஜின் பக்கத்தில் வைத்து, அதன் மேல் காகிதம் போன்ற இன்னொரு எவர்சில்வர் தாளைப் போர்த்தப் போவதாகச் சொன்னார். உட்காருகிற பக்கம் வைத்தால் கம்பளத்துக்குப் பதிலாகத் தகடே முதலில் சூட்டை வாங்கும் என்றும், அதனால் தீ வரக்கூடிய பக்கத்தில்தான் போர்வை இருக்க வேண்டும் என்றும் விளக்கினார்.

என் கணவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை நடந்தது. அதே மாதிரி ஒரு துண்டைச் செய்து வைஸ் இடுக்கியில் பிடித்து, ஒரு பக்கம் வெல்டிங் கடையிலிருந்து கொண்டுவந்த கேஸ் தீயைக் காட்டினார் கொழுந்தன். போர்த்திய தாள் கொஞ்ச நேரத்தில் செந்தணலாகச் சிவந்தது. "யாராச்சும் பின்னாடி கை வச்சுப் பாருங்க" என்றார். எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் கணவர் போய் உள்ளங்கையைப் பதித்தார். தொழிற்சாலையில் பஞ்சில் தீப்பிடித்து ஓடுவதைப் பார்த்தவள் நான். இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"சூடாத்தான்லே இருக்கு" என்றார் அவர், கையை எடுக்காமலே. "ஆனா டீ டம்ளர் சூடுதான்."

அன்றைக்குப் பிறகு கோழிக் கூடு கேலி கொஞ்சம் குறைந்தது.

இன்னொரு விஷயத்திலும் கொழுந்தன் பிடிவாதமாக இருந்தார். பெட்ரோல் ஊற்றும்போது, ஓடும் பெட்ரோலிலேயே மின்சாரம் சேரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். அதனால் டேங்க்கின் வாய் வளையத்திலிருந்து விமானத்தின் இரும்புக் குழாய்ச் சட்டத்துக்கு ஒரு கம்பி இழுத்திருந்தார். ஊற்றுகிற தகரக் கேனையும் கிளிப் போட்டு அதோடு இணைத்த பிறகுதான் மூடியைத் திறப்பார். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், அதிலிருந்தும் சட்டத்துக்கு, சடை போலப் பின்னிய ஒரு செம்புப் பட்டை போல்ட்டில் முடுக்கப்பட்டிருந்தது. இந்த இடங்களில் எல்லாம் பெயிண்ட் கிடையாது. இரும்பு இரும்பாகவே, பளிச்சென்று சுரண்டி விடப்பட்டிருக்கும். எங்கள் மில்லில் இயந்திரங்களுக்கு எர்த் கொடுத்திருப்பது எனக்குத் தெரியும் என்பதால் இது சட்டென்று புரிந்தது.

புரியாமல் போனது என் கணவருக்கு. அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

விமானம் பறப்பதற்கு அனுமதி வாங்குவது பெரிய வேலை. அது தனியாக நடந்துகொண்டிருந்தது. இன்ஜினை மட்டும் விஜயதசமி அன்று முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கொழுந்தன் சாமான் வாங்க மதுரைக்குப் போயிருந்தார். எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் கழுவித் துடைப்பதோடு நிற்காது. மோட்டார், கலப்பை, மருந்தடிக்கும் பம்பு என்று எல்லாவற்றுக்கும் புதுப் பெயிண்ட் விழும். என் கணவர் டிராக்டருக்கு அடித்து முடித்தார். மிச்சம் இருந்த சில்வர் பெயிண்ட்டோடு கொட்டகைக்குள் போனார்.

மறுநாள் பூஜைக்குப் போனபோது இன்ஜின் பக்கத்துக் குழாய்ச் சட்டமெல்லாம் ஜொலித்தது. கொழுந்தன் அண்ணனைப் பார்த்தார். "என்னண்ணே, கோழிக் கூட்டுக்குப் பெயிண்ட்டா?"

"பக்கத்துத் தோட்டத்துக்காரன் வந்து பாப்பாம்லே. அழுக்கா இருந்தா எனக்குல்ல அசிங்கம்" என்றார் இவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஸ்பேனர், மீட்டர் எல்லாம் சந்தனப் பொட்டோடு பூஜையில் இருந்தன. பூஜையில் வைத்ததை அன்று எடுக்கக் கூடாது என்பதால் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. எங்கள் செடியில் பறித்த மல்லிகைச் சரத்தை விமானத்துக்குப் போட வேண்டும் என்றேன். விசிறியில் கட்டினால் சுற்றும்போது சிதறும். அதனால் கொழுந்தன் உள்ளே குனிந்து, ஃபயர்வாலுக்கும் டேங்க்குக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன கொக்கியில், தகட்டை ஒட்டித் தொங்கவிட்டார்.

விஜயதசமி காலையில் மறுபடி சூடம் காட்டி, கருவிகளை எடுத்தோம். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பார்த்தபோது டேங்க் வளையத்துக்கும் சட்டத்துக்கும் தொடர்பு காட்டவில்லை. பார்த்தால், கம்பி முடியும் இடத்தில் சில்வர் பெயிண்ட். கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, பெயிண்ட் வழியா கரண்டு போகாது. இது வெறுமனேதான் இருக்கணும்."

"எனக்கென்ன தெரியும்? அங்க மட்டும் பெயிண்ட் விட்டுப் போச்சுன்னு நெனச்சேன்" என்றார் என் கணவர். அந்த இடத்தைச் சுரண்டினோம். தொடர்பு வந்துவிட்டது என்று மீட்டர் கூவியது. பெட்ரோல் ஊற்றினோம். ஒரு இடத்தைக் கண்டுபிடித்து விட்டதால், அவ்வளவுதான் என்று மூவருமே நினைத்துவிட்டோம்.

வாலைத் தென்னை மரத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தது. செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாக வாசிக்கும் வேலை எனக்கு. "மதினி வாசிச்சா ஒரு வரி தப்பாது" என்று சொல்லித்தான் கொழுந்தன் அந்தத் தாளைக் கொடுத்திருந்தார். பக்கவாட்டில் தள்ளி நின்று வாசித்தேன். அவர் ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டினார். பெட்ரோல் வால்வைத் திறந்தார். ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினார். முனகியது. மூன்றாவது தடவை அழுத்தியபோது இன்ஜின் மூடியின் இடுக்கில் புகை தெரிந்தது. புகைதானே என்று நான் நினைப்பதற்குள், அடியிலிருந்து மஞ்சளாகத் தீ கொட்டியது. ஆமாம், கொட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் போல ஒழுகித் தரையில் விழுந்து எரிந்தது.

"எறங்குலே! ஏலே எறங்கு!" என்று என் கணவர் கத்தினார்.

கொழுந்தன் இறங்கவில்லை. அவர் கை கீழே போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வால்வை மூடினார். மின்சார சுவிட்சை அணைத்தார். அதன் பிறகுதான் பெல்ட்டில் கை வைத்தார். அந்தச் சில வினாடிகள், ஒரு பக்கம் தீ, மறு பக்கம் நிறைந்த டேங்க், அதன் கீழே அவர் கால்கள். நடுவில் சோற்றுத் தட்டைவிட மெல்லிய அந்தத் தகடு. நான் வாசித்த தாள் என் கையில் கசங்கிப் போயிருந்தது.

என் கணவர் ஓடினார். பழக்கத்தில் தண்ணீர்க் குழாய் பக்கம் போனவர், பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஆகாது என்று பாதியில் திரும்பி, தயாராக வைத்திருந்த தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரை எடுத்து மூடியின் இடுக்கில் நுழைத்து அடித்தார். வெள்ளைப் பொடி எல்லோரையும் மூடியது. வால்வு மூடியதால் தீக்கு மேற்கொண்டு பெட்ரோல் கிடைக்கவில்லை. அடங்கியது. பொடிக்குள் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நன்றாக ஆறிய பிறகு மூடியைக் கழற்றினோம். இன்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாயின் மேல் கம்பிப் பின்னல் இருக்கும். அது கருகி, உள்ளே ரப்பர் உருகிக் கிடந்தது. கொழுந்தன் செம்புப் பட்டையின் போல்ட்டைக் கழற்றினார். பட்டைக்கு அடியிலும் மரையிலும் வழவழவென்று சில்வர் பெயிண்ட். ஸ்டார்ட்டர் இழுத்த அத்தனை மின்சாரமும், திரும்பிப் போக வழியில்லாமல், பெட்ரோல் குழாயின் கம்பியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. அடுப்புக் கம்பி போல அதைச் சூடேற்றியிருக்கிறது.

என் கணவர் அதைப் பார்த்தார். "கழட்டி, அடியிலயும் ரெண்டு கோட் அடிச்சேன்" என்றார் மெதுவாக. "துரு புடிக்கக் கூடாதுன்னு." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்கண்ணே. ஒரு எடத்துல பாத்தவன் மத்ததையும் பாத்திருக்கணும். அது என் வேல" என்று தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். இவர் அந்த போல்ட்டை வாங்கி, நகத்தால் பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நான் அந்தத் தகட்டைப் பார்க்கப் போனேன். இன்ஜின் பக்கம் மேல் தாள் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறி, ஓர் ஓரம் சுருண்டிருந்தது. அதன் கீழே செராமிக் கம்பளம் அழுக்கானதோடு சரி. பிறகு கதவைத் திறந்து உள்ளே குனிந்தேன். பெட்ரோல் வாசனைக்கும் கரி வாசனைக்கும் நடுவில் வேறொரு வாசனை வந்தது.

மல்லிகை. முந்தின நாள் தொங்கவிட்ட சரம் தகட்டை ஒட்டி அப்படியே இருந்தது. ஒருநாள் பூவுக்கு இருக்க வேண்டிய வாட்டம் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஓர் இதழ்கூடக் கருகவில்லை. தகட்டைத் தொட்டேன். வெயிலில் கிடந்த பாத்திரத்தின் சூடு. அந்தப் பக்கம் தீ கொட்டியபோது இந்தப் பக்கம் பூ வெள்ளையாகவே இருந்திருக்கிறது. சரத்தை எடுத்துக்கொண்டு போய் என் கணவர் கையில் கொடுத்தேன். வாங்கி, முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

அடுத்த பொங்கலுக்குள் எல்லாம் சரி செய்து, இன்ஜின் நன்றாக ஓடியது. அனுமதிக்காக இன்னும் காத்திருக்கிறோம். அந்த நீலம் பாரித்த தாளைக் கொழுந்தன் தூக்கி எறிய இருந்தார். நான் கேட்டு வாங்கி, கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

சென்ற ஆயுத பூஜைக்கும் என் கணவர்தான் பெயிண்ட் அடித்தார். விமானத்துக்கு மட்டும் தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. சந்தனம் வைக்க நான் கிண்ணத்தோடு போனபோது, "அந்த போல்ட்டுல மட்டும் வைக்காத" என்று ஓடி வந்து தடுத்தார். எல்லாவற்றிலும் பொட்டு இருக்க, அது ஒன்று மட்டும் பளிச்சென்று வெறுமையாக இருந்தது. தகட்டுக்கு அந்தப் பக்கம், அதே கொக்கியில், எங்கள் செடியின் மல்லிகை தொங்கியது. ஒரு வீட்டின் இத்தனை பாசமும் சண்டையும் சிரிப்பும், யார் கண்ணிலும் படாத ஒரு மெல்லிய தகட்டின் இந்தப் பக்கம் பத்திரமாக மிஞ்சியதே என்று, இன்றும் பூ கட்டும்போதெல்லாம் என் விரல்கள் ஒரு கணம் நின்றுவிடுகின்றன.