எட்டு சிலிண்டரும் என் அத்தானும்

என் அத்தானை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அவர் கைகள்தான் வந்து நிற்கும். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற சலவை நீலத்தில் தோய்ந்து, நகக்கண் வரைக்கும் நீலம் ஏறிய கைகள். அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்ட மாப்பிள்ளை அவர். அந்தக் கைகளைப் பார்த்த எங்கள் தெருப் பெண்கள், பெண்டாட்டி துணிக்கெல்லாம் இவர்தான் நீலம் போடுகிறார் போலிருக்கிறது என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். கடலோரத்து எங்கள் திரேஸ்புரத்தில் யார் பேசினாலும் கடல்வரை கேட்கும். அத்தான் காதில் விழாமல் இருந்திருக்காது. அவர் பாட்டுக்குக் கார் கொட்டகைக்குள் போய்விடுவார்.

அந்தக் கொட்டகையில் நின்றது அப்பாவின் உயிர். தாத்தா கொழும்பில் வியாபாரம் செய்த நாளில் வாங்கித் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்த அமெரிக்கக் கார். ஊரில் மற்ற கார்களுக்கு நாலோ ஆறோ சிலிண்டர் என்றால் இதற்கு எட்டு, அதுவும் ஒரே வரிசையில். பானெட் மட்டுமே ஓர் ஆள் படுத்து உறங்குகிற நீளம் இருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில்கூட எங்கள் பக்கம் வசதியான வீட்டுக் கல்யாணம் என்றால் பெண்ணைக் கோவிலுக்கு அழைத்துப்போக எங்கள் காரைத்தான் கேட்பார்கள். அப்பாவுக்கு அதில் வாடகையைவிடப் பெருமைதான் பெரிது. ஆனால் வண்டிக்கு வயதாகிவிட்டது. கொஞ்ச தூரம் போவதற்குள் கொதித்து ஆவி விடும். ஆட்கள் நிறைய ஏறிவிட்டால் மாட்டுவண்டிகூட முந்திக்கொண்டு போகும்.

அத்தானுக்குத் துறைமுகத்தில் லாஞ்சுகளின் எஞ்சின்களைப் பழுது பார்க்கிற வேலை. எஞ்சின் ஒன்று திணறுவதைக் கேட்டுக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மாதா கோவிலுக்குப் பூசைக்குப் போயிருந்த நேரம், யாரையும் கேட்காமல் எஞ்சினின் ஹெட்டைக் கழற்றிவிட்டார். சிலிண்டர்களை மேலிருந்து மூடுகிற இரும்புப் பாளம் அது. சாயங்காலத்துக்குள் மாட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். கழற்றிய பிறகுதான், அவ்வளவு நீளப் பாளம் பல வருஷச் சூட்டில் வளைந்துபோயிருப்பது தெரிந்தது. மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு வண்டி போக வேண்டும். போகவில்லை. அந்தப் பெண் வாடகை டாக்சியில் கோவிலுக்குப் போனாள்.

அன்றிலிருந்து அப்பா மருமகனோடு நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். சண்டையில்லை, சத்தமில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். "அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைக்கச் சொல்லு" என்று, எதிரே இருக்கிற மனிதரைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லும்படி என்னிடம் சொல்வார். அத்தானும் பதிலை என்னிடமே கொடுப்பார். நானும் அக்காவும் அந்த வீட்டின் தபால்காரிகளாகிப் போனோம். வெளியே கேட்டால் சிரிப்பு வரும். உள்ளே இருந்தவர்களுக்கு வரவில்லை. தனிவீடு பார்த்துப் போய்விடலாம் என்று அக்கா அழுதபோது அத்தான் சொன்னது எனக்கு மறக்காது.

"வண்டிய ஓட வச்சிட்டுப் போவோம்ளா. இப்பம் போனா உங்கப்பாவுக்கு நான் கடைசி வரைக்கும் வண்டியக் கெடுத்தவந்தான்."

பழையபடி மாட்டி ஓட்டுவது என்றால் சில வாரத்தில் முடித்திருப்பார். அது அவருக்குப் போதவில்லை. புதிதில் ஓடியதைவிட நன்றாக ஓடவேண்டும். பட்டறையில் கொடுத்து ஹெட்டின் அடிப்பக்கத்தை அரை நூல், ஓர் அரிசி கனத்துக்குச் சீவி வாங்கினார். அப்படிச் சீவினால் சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் இன்னும் இறுக்கமாக அமுங்கி, வெடிப்பின் வேகம் கூடுமாம். இன்னும் சீவச் சொன்ன நண்பர்களிடம், நம் ஊர் பெட்ரோல் இதற்குமேல் தாங்காது, எஞ்சின் உள்ளுக்குள் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்துவிடும் என்று மறுத்துவிட்டார். பிறகுதான் நீலம் வந்தது. ஏதோ கடையின் பழைய ஷோகேஸிலிருந்து எடுத்த தடித்த கண்ணாடியில் நீலத்தை எண்ணெயில் குழைத்துத் தடவி, அதன்மேல் ஹெட்டைக் குப்புறக் கிடத்தி எடுப்பார். மேடாக இருக்கிற இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அதைச் சுரண்டுவார். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். வேலை முடிந்து வந்த சாயங்காலமெல்லாம் இதுதான். முழுப்பரப்பிலும் ஒன்றுபோல நீலம் ஒட்டிய அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஹெட்டுக்கு அடியில் கசிவில்லாமல் அடைக்க வைக்கிற கேஸ்கட் எங்கேயும் கிடைக்கவில்லை. தோணியின் அடிப்பலகையில் புழு அரிக்காமல் அறைகிற செம்புத் தகட்டை வாங்கி, காய்ச்சிப் பதமாக்கி, தானே வெட்டிக்கொண்டார். எட்டு சிலிண்டருக்கும் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்ப நடுவில் ஒரே கார்புரேட்டர் இருந்ததை எடுத்துவிட்டு இரண்டு வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"பந்தியில ஒருத்தன் நடுவுல நின்னுக்கிட்டே வெளம்புனா, ரெண்டு ஓரத்துலயும் எலை காஞ்சுதான கெடக்கும்?"

கொதிப்புக்குக் காரணம் வேறு. எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் உப்பளத்தில் அள்ளுவதுபோல வெள்ளை வெள்ளையாக உப்பை அள்ளினார். எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரை வருஷக்கணக்காக ரேடியேட்டரில் ஊற்றி வந்தவர் அப்பா. ஹெட் வளைந்ததும் அந்தச் சூட்டில்தான். அதாவது, முதலில் வண்டியைக் கெடுத்தவர் யார் என்பது அன்றே அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையை அப்பா காதில் போட்டிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அவர் போடவில்லை, என்னையும் போடவிடவில்லை. குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரில் ஒரு குடத்தைக் காருக்கு ஊற்றி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதோடு சரி. அவர்மேல் எனக்கு இருந்த மதிப்பு அன்று இரண்டு மடங்கானது.

எல்லாவற்றையும் மாட்டி முடிக்கிற நேரத்தில் என் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஊர் திருச்செந்தூரையும் தாண்டி, பூசையும் அங்கேதான். அப்பா டாக்சி பேசப் போனார். நம் காரில் இல்லையென்றால் நான் ஏறமாட்டேன் என்றேன். வழியில் நின்றால் மறுநாளே வண்டியை எடைக்குப் போட்டுவிடுவேன் என்று அவரிடம் சொல்லிவிடு என்றார் அப்பா. சொன்னேன். அத்தான் தலையை மட்டும் ஆட்டினார்.

அத்தான் ஓட்ட, பக்கத்தில் அப்பா. பின்னால் அம்மா, அக்கா, வெள்ளைப் புடவையும் தலையை மூடிய வலைத்துணி நெட்டுமாக நான். ஊர் தாண்டியது, ஆறு தாண்டியது. அப்பாவின் கண் ரோட்டில் இல்லை, சூடு காட்டும் முள்ளில்தான் இருந்தது. முள் அசையவில்லை. திருச்செந்தூருக்கு அப்பால் செம்மணல் மேடுகளான தேரிப் பக்கம், ஒரு பஸ் முன்னால் போய்ப் புழுதியை எங்கள் மேல் வாரி இறைத்தது. அத்தான் பொறுமையாகப் பின்னாலேயே போனார். அப்பா நெளிந்தார். கடைசியில் தலையைத் திருப்பாமலே, "ஏளா, அந்த பஸ்ஸ முந்தச் சொல்லு" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா கையைக் கிள்ளினேன். அவளும் புரிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அவள் காலை மிதித்தேன். புழுதி வந்துகொண்டே இருந்தது. அப்பா இரண்டு தடவை செருமினார்.

"மாப்ள, முந்தும். எவ்வளவு நேரந்தான் புழுதி திங்கது?"

"சரி மாமா" என்றார் அத்தான். காலை அழுத்தினார். அந்தப் பெரிய வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் பஸ்ஸைத் தாண்டிப் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறந்த வீட்டைவிட்டுப் போகிற துக்கம் என்று அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இப்போது அதே ரோட்டில் என் பேரன் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுகிறான். புழுதியும் இல்லை, எஞ்சின் சத்தமும் இல்லை. அப்பாவும் அத்தானும் இல்லை. என் கல்யாணப் போட்டோவைப் பார்க்கிற பிள்ளைகள், பெண் வீட்டுப் பக்கம் அம்மாவும் அக்காவும் மட்டும் நிற்கிறார்களே, மற்றவர்கள் எங்கே என்று கேட்பார்கள். பூசை முடிந்து படம் எடுக்கிற நேரம், இரண்டு பேரும் கோவிலுக்கு வெளியே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டிருந்தார்கள். கூப்பிடப் போனவர் தனியாகத் திரும்பி வந்து, "ரெண்டு பேரும் பேசிக்கிட்டு நிக்காவ" என்றார்.

அப்படியானால் அவர்கள் இல்லாமலே எடுத்துவிடுங்கள் என்று போட்டோக்காரரிடம் சொன்னது நான்தான்.