சுகுமாறன் பார்க்கக் கூடாதது

போதும் என்று இலையின் மேல் கையை விரித்துத் தடுத்தாலும், சுகுமாறன் விரல்களுக்கு நடுவில் இடைவெளி பார்த்துச் சாம்பாரை ஊற்றிவிடுவார். ஒரு துளிகூடக் கையில் படாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாப்பிடுகிறவரின் விருப்பத்தை இவ்வளவு அலட்சியமாக மீறும் பரிமாறுகிறவர் அங்கே இவர் ஒருவர்தான். கேட்டால் அதற்கும் ஒரு தத்துவம் வைத்திருக்கிறார்.

"போதும்னு சொல்றவங்களுக்குத்தான் பசி, பாஸ். இன்னும் வேணும்னு கேக்கறவங்க சும்மா ருசி பாக்க வந்தவங்க."

வாடிக்கையாளர்களின் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. அவர்கள் சாப்பிடுவதுதான் அவர்கள் பெயர். ‘ரெண்டு ரசம்’ வந்துவிட்டாரா, ‘வெங்காயம் வேணாம்’ இன்னும் ஏன் வரவில்லை, ‘கருவாட்டு டீச்சர்’ லீவா என்றுதான் விசாரிப்பார். ‘வெங்காயம் வேணாம்’ ஒரு பெரிய வழக்கறிஞர். நீதிமன்றத்தில் அவர் பேச்சில் யாரும் குறுக்கிட முடியாது என்கிறார்கள். இங்கே தன் இலையில் விழும் மூன்றாவது கரண்டிச் சோற்றை அவரால் தடுக்க முடிந்ததில்லை.

இத்தனை பேருக்கு இவ்வளவு போடுகிறவர் உடம்பில் சதை என்று ஒன்றும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது. கடையின் பச்சைச் சட்டை அவர்மேல் கொடியில் காய்வதுபோல் தொங்கும். கூட்டம் ஓய்ந்த பிறகு பாத்திரம் கழுவும் தொட்டி ஓரம் நின்றபடியே தயிர்ச் சோறும் மோர்மிளகாயும் சாப்பிடுவார். உட்காரச் சொன்னால் மாட்டார். "ஒரு ஆளுக்கு எதுக்கு மேசைய அழுக்காக்கணும்" என்பார். கடையில் அந்த நேரத்தில் இருபது மேசை காலியாக இருக்கும்.

மாலையில் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிச் செந்தூலில் இறங்குகிறார். மூன்றாவது மாடியில் வீடு. மனைவி உஷாராணி மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் என்று சொல்லி மெல்பர்ன் போனவர். அப்போது பிறந்த பேத்தி இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறது. உஷாராணி திரும்பவில்லை. அங்கே குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, குளிர் பழகிவிட்டது, முட்டிவலிகூடக் குறைந்திருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் சமாதானம் பேசிக் கூட்டி வரலாம். சண்டையே நடக்காததால் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. கைப்பேசியில் முகம் பார்த்துக்கொள்ளும்போது இருவரும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்கிறார்கள். இருவரும் ஆச்சு என்கிறார்கள்.

வெறுமையைச் சமாளிக்கச் சின்ன அறையை ரயன் என்ற கணினிக்கார இளைஞனுக்கு வாடகைக்கு விட்டார். ரயன் வந்தபோது ஒரு பெட்டி, ஒரு கித்தார், ஆள் உயர வலைக்கூண்டு ஒன்று. கூண்டுக்குள் ஒரு பச்சோந்தி. ஆறு மாதத்தில் ரயனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. "ரெண்டு வாரம் பாத்துக்குங்க அங்கிள், வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போதெல்லாம் தீபாவளிக்கு வாழ்த்து மட்டும் வருகிறது.

கூண்டைக் கூடத்துக்கு மாற்றி, வாசல் கதவை ஒட்டி வைத்தார் சுகுமாறன். வந்தவுடன் தெரியும் முகம் அதுவாக இருக்கட்டும் என்று. அதற்குத் ‘தம்பி’ என்று பெயர். பச்சோந்தியின் கண்கள் தனித்தனியாகச் சுழலும். ஒன்று மின்விசிறியைப் பார்க்கும், மற்றது கதவைத் திறந்து வருகிறவரைப் பார்க்கும். வீட்டில் தன்னைப் பார்க்க ஒரு கண்ணாவது இருக்கிறதே என்பது அவருடைய திருப்தி.

தம்பிக்கும் கடை வழக்கப்படியே பரிமாறினார். பறவைத் தீனிக் கடையில் உயிரோடு விற்கும் சில்வண்டுகளை வாங்கி வந்து, இடுக்கியில் பிடித்து ஒவ்வொன்றாக நீட்டுவார். நாக்கு கம்பிபோல் பாய்ந்து இழுத்துக்கொள்ளும். அடுத்தது. அதற்கு அடுத்தது. இலையின் மேல் கையை விரித்துத் தடுக்கத் தெரியாத ஒரு வாடிக்கையாளர் அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்திருந்தார். குளிரக் கூடாது என்று கூண்டின் சூட்டு விளக்கையும் நாள் முழுக்க எரியவிட்டார், கோலாலம்பூர் வெயிலில்.

ஒருநாள் தம்பி பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு கூண்டின் தரையில் கிடந்தது. சுகுமாறன் அதைப் பழக்கூடையில் வைத்துத் துண்டு போர்த்தி, வாடகைக் காரில் ஷா ஆலமுக்குக் கொண்டுபோனார். காரோட்டி வழி முழுக்கக் கண்ணாடியில் கூடையையே பார்த்துக்கொண்டு வந்தாராம். இப்படிப்பட்ட பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் மலர் அங்கே இருக்கிறார். வயது முப்பதுகூட இருக்காது. பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தார், ஆணுக்கு இருக்கும் முள் குதிகாலில் இல்லை. பிறகு எக்ஸ்ரே எடுத்தார்.

"அங்கிள், இது தம்பி இல்ல. தங்கச்சி. வயிறு பூரா முட்டை."

படத்தில் வயிறு ஊறவைத்த கொண்டைக்கடலைப் பாத்திரம் மாதிரி இருந்தது.

"எப்படி டாக்டர்? வீட்ல வேற ஆம்பளயே கிடையாது. நான் ஒருத்தன்தான்."

"நீங்க இதுல கணக்கு இல்ல, அங்கிள். கோழி சேவல் இல்லாம முட்டை போடறதில்லையா? அந்த மாதிரிதான். பொரிக்காது. ஆனா போட்டுத்தான் ஆகணும். வெளிய வரலன்னா உயிருக்கு ஆபத்து."

"நான் ஒரு கொடுமையும் செய்யலயே. வயிறு நெறயப் போட்டேன்."

"அதத்தான் செஞ்சீங்க."

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தீனி கூடக் கூட, சூடு கூடக் கூட, பெண் பச்சோந்தியின் உடம்பு நல்ல காலம் வந்துவிட்டது என்று நம்பி முட்டைகளை அள்ளிக் கட்டும். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை எலும்பிலிருந்து எடுக்கும். இடுவதற்கு ஆழமான ஈர மணல் வேண்டும். மணல் இல்லையென்றால் அடக்கிவைத்துக்கொண்டே செத்துப்போகும். அந்த முறை ஊசி போட்டு எப்படியோ வெளியே எடுத்தார்கள். அடுத்த முறை இப்படி வந்தால் தாங்காது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

பெயர் மட்டும் மாறவில்லை. பழகிய வாய் தம்பி என்றே கூப்பிடுகிறது. மற்றதெல்லாம் மாறியது. ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி, அதுவும் நான்கோ ஐந்தோ. ஒவ்வொரு சில்வண்டையும் சுண்ணாம்புச் சத்துப் பொடியில், பஜ்ஜிக்கு வாழைக்காயை மாவில் புரட்டுவதுபோல் புரட்டிக் கொடுக்கிறார். விளக்குக்கு நேரக் கட்டுப்பாடு. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் முழங்கை ஆழத்துக்கு மணலைக் கழுவிக் கொட்டி நனைத்து வைத்தார். விரலால் குத்தினால் ஓட்டை இடியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். கைப்பக்குவம் உள்ளவருக்கு இதெல்லாம் பெரிய காரியமில்லை. குறைத்துப் போடுவதுதான் பெரிய காரியம். "கை கூசுது டாக்டர்" என்று தொலைபேசியில் முறையிட்டிருக்கிறார்.

அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. குழி தோண்டும்போது யாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பச்சோந்தி அப்படியே நிறுத்திவிடும். ஆகவே கூண்டைத் திரை போட்டு மூட வேண்டும், எட்டிப் பார்க்கவே கூடாது. திரைக்குத் துணி தந்தவர் எதிர்வீட்டு கிறிஸ்டின். ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, இப்போது இந்த மாடியில் தனியாக இருப்பவர்.

"அக்கா சாவுக்கு வாங்குன கருப்புப் பாவாடை அண்ணே. ஒரு நாள்தான் போட்டேன். கிழிச்சிக்குங்க." கொடுத்துவிட்டுச் சும்மா போகவில்லை. "மெல்பர்ன்ல ஒரு பேறுகாலம், இங்க ஒரு பேறுகாலம். அங்க போகாத தாத்தா இங்கயாவது இருந்து பாக்கட்டும். பொரிக்காத முட்டைக்கு இவ்ளோ கூத்து லா."

"பொரிக்கணும்னு யாரு கேட்டா? வெளிய வந்தா போதும்" என்றார் சுகுமாறன்.

போன வாரம் தம்பி தீனியை மறுத்தது. உடம்பு கறுத்து, மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி எழுந்தது. வயிற்றின் ஓரங்களில் மறுபடியும் முட்டைகள் முண்டு முண்டாகத் தெரிந்தன. புதன்கிழமை அது மணல் தொட்டியில் இறங்கித் தோண்டத் தொடங்கியது. சுகுமாறன் திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து மணல் சரியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை சரியாகத்தான் நடந்தது. ரெண்டு நாளாக ஒன்றும் சாப்பிடாத ஜீவன் இப்படிப் பாடுபடுகிறதே என்று அவருக்குத் தோன்றியதுதான் வினை. இடுக்கியில் ஒரு சில்வண்டைப் பிடித்து, திரையை ஒரு விரற்கடை விலக்கி உள்ளே நீட்டினார்.

குழிக்குள்ளிருந்து தலை நிமிர்ந்தது. இரண்டு கண்களும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தன. இத்தனை காலத்தில் தன்னை அது இரண்டு கண்ணாலும் பார்த்தது அன்றைக்குத்தான் என்கிறார். பிறகு அது மேலே ஏறிவந்து கம்பைப் பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை தோண்டவில்லை. வெள்ளிக்கிழமையும் தோண்டவில்லை.

"சனிக்கிழம சாயங்காலம் வரைக்கும் பாப்போம் அங்கிள்" என்றார் மருத்துவர். "அப்பவும் தோண்டலன்னா ஞாயித்துக்கெழம காலைல கொண்டுட்டு வந்துருங்க. வயித்தத் தொறந்துதான் எடுக்கணும். தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

"நான் இப்ப என்னா செய்யணும்?"

"ஒன்னும் செய்யாதீங்க. அதுதான் உங்க வேல."

வெள்ளிக்கிழமை கடையில் வழக்கறிஞர் இலையின் மேல் கையை விரித்தார். கரண்டி நின்றுவிட்டது. மூன்றாவது கரண்டி வராததைக் கண்டு அவர் அண்ணாந்து பார்த்தார். பக்கத்து மேசையிலிருந்து கருவாட்டு டீச்சர் கேட்டேவிட்டார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒன்னும் இல்ல டீச்சர். வீட்ல."

"மிசஸ் வந்துட்டாங்களா?"

சுகுமாறன் கரண்டியை வாளியில் போட்டார். மோர் கொண்டுவரப் போய்விட்டார்.

வீட்டில் அவர் நடந்துகொண்ட விதம் வேடிக்கையாக இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு கூடத்தைக் கடப்பார். தொலைக்காட்சியைப் போடுவதில்லை. போட்டாலும் சத்தம் வைப்பதில்லை. சமையலறையில் முதுகைக் காட்டி நின்று தேநீர் குடிப்பார். தனிமைக்குப் பயந்து வைத்துக்கொண்ட துணையைத் தனியாக விடுவதற்காக, வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் செந்தூல் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து வருகிற ரயிலையும் போகிற ரயிலையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மழை. மாலையில் நனைந்த சட்டையோடு படியேறி வந்தார். கையில் கடையிலிருந்து கட்டிவந்த சாப்பாட்டுப் பொட்டலம். கம்பிக் கதவைத் திறந்து, உள்கதவின் பூட்டில் சாவியை நுழைத்தார். திருப்பவில்லை. கதவுக்கு மறுபுறம் மணல் சரிந்தது. கொஞ்சம் நின்று மறுபடியும் சரிந்தது. காதைக் கதவில் வைத்தார். நகம் பிளாஸ்டிக்கைச் சுரண்டும் சத்தம் கேட்டது. தொட்டியின் அடி வரைக்கும் போயிருக்கிறது.

நுழைத்த சாவியை ஒரு சத்தமும் வராமல் உருவினார். கம்பிக் கதவை இழுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்தார்.

மாதா கோயிலில் மாலைப் பூசை முடிந்து கிறிஸ்டின் குடையை உதறிக்கொண்டே ஏறி வந்தார்.

"என்னண்ணே, சாவிய தொலைச்சிட்டீங்களா?"

சுகுமாறன் சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"அப்புறம் உள்ள போறதுக்கென்ன? சொந்த வீடுதானே லா."

அவர் உதட்டில் விரலை வைத்து, கதவைக் கண்ணால் காட்டினார். கிறிஸ்டின் நின்ற இடத்திலேயே நின்று காது கொடுத்தார். மழைச் சத்தத்துக்கு அடியில் அது கேட்டது. குடையை மெல்ல மடக்கினார்.

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கிசுகிசுத்தார்.

"தெரியல. நாளைக்குக் காலைல வரைக்கும்கூட ஆகலாம்னாங்க."

"அதுவரைக்கும் நீங்க இங்கயேவா?"

பக்கத்தில் வைத்திருந்த பொட்டலத்தையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு, சுகுமாறன் படியில் இன்னொருவர் உட்கார இடம் விட்டுச் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.