மூன்றாம் அத்தியாயத்தின் ஓரத்தில்

துப்பறியும் கதை என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பாதி படிப்பதற்குள் குற்றவாளி யாரென்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுவேன். படித்து முடித்ததும் அழித்துவிடுவேன். தப்பாகிப்போனால் யாருக்கும் தெரியாதல்லவா.

திருவிடந்தையில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்காவின் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் பரிசாகக் கிடைத்த சிறுவர் மர்ம நாவலை எனக்குப் படிக்கக் கொடுத்தாள். "உங்களால கண்டுபிடிக்கவே முடியாது ஆன்ட்டி" என்றாள். சின்னப் பிள்ளைகள் புத்தகம்தானே, சிறுசேரிக்குப் போகிற ஆபீஸ் பஸ்ஸிலேயே முடித்துவிடலாம் என்று வாங்கிக்கொண்டேன்.

கடலோர விடுதி ஒன்றில் முத்துமாலை காணாமல் போகிறது. அங்கே தங்கியிருப்பவர்கள் ஓய்வுபெற்ற நீதிபதியும் ஒரு பாட்டு டீச்சரும். பின்வாசல் வழியாக மீன் கொண்டுவரும் பெண் ஒருத்தி. மூன்றாம் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டேன்: 'மீன்காரிதான் திருடி. கூடைக்குள் பார்த்தாலே போதும்.'

திருடியவர் நீதிபதி. கண்டுபிடித்ததே அந்த மீன்காரப் பெண்தான். அவளை யாரும் ஒரு பொருட்டாக மதிக்காததால் எல்லாம் அவள் கண்ணெதிரிலேயே நடந்திருக்கிறது. என்னைப் போன்றவர்கள் இப்படித்தான் நினைப்பார்கள் என்று தெரிந்தே எழுதியிருந்தார்கள். நான் ரசித்துச் சிரித்தேன். பஸ் நின்ற அவசரத்தில் அழிக்க மறந்துபோனேன். மறுநாள் அக்காவிடமே புத்தகத்தைக் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளுமாக வந்தார்கள். அக்கா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்தார்.

"புக்கு சூப்பரா கீதுமா. இவ தெனம் எனக்குப் படிச்சிக் காட்டிகினு கீறா. மூணாவது பாடத்துல ரப்பர் வச்சி இன்னாவோ அழிச்சிகினு இருந்தா. நீ எழுதினதாமே. இன்னாமா அது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"அது ஒண்ணுமில்லம்மா. ஏதோ போன் நம்பரு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பொய் எனக்காக இல்லை, அவளுடைய அம்மாவுக்காக. நான் கூனிக்குறுகி நின்றேன். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்க முடியாது. கேட்டால் அவள் மறைத்தது வெளியே வந்துவிடும்.

"திருடன் யாருன்னு சொல்லிடாதமா, நானே கண்டுபுடிக்கிறேன்" என்று சிரித்தார் அக்கா. பிறகு கூடையை என் பக்கம் சாய்த்தார். "நண்டு கீது, கூடைக்குள்ள பாரு."

என்னால் பார்க்க முடியவில்லை.