ஆறு பிரிகிற காட்சி

எங்கள் ஆறு இருபத்து நான்கு கெஜம் நீளம். சின்னாளப்பட்டியில் ஒரு தறிக்காரரிடம் சொல்லி நெய்து வாங்கிய நீலத் துணி. அதை நடுவில் இரண்டாக வெட்டி, வெட்டிய ஓரங்கள் சேர்ந்து நிற்பதற்காக ஏழு கொக்கிகள் வைத்திருந்தேன். ஏழும் ஒரே தூண்டில் நரம்பில் கோத்திருக்கும். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் மண்டியிட்டு நான் நரம்பை ஒரு சுண்டு சுண்டினால் ஏழு கொக்கியும் ஒன்றாகக் கழன்றுவிடும். இரண்டு பக்கமும் நிற்கிற ஆட்கள் துணியை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். பார்க்கிற சனத்துக்குக் கழுத்தளவு ஓடிய ஆறு பிரிந்து வழி விட்டது. அற்புதம் என்பது அவ்வளவுதான்.

என்னை நாடகக்காரன் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் எனக்கு வேலை. லிவர் அராவுவதும் சாவி வெட்டுவதும்தான் சோறு போட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணம் ஆன புதிதில் மனைவியின் ஊர்க்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் தக்காளியும் கனகாம்பரமும் போடுகிற ஊர் அது. வருஷா வருஷம் திருவிழாவுக்குப் பாட்டு நாடகம் போடுவார்கள். கதை, சிறைக்குள் பிறக்கிற சாமியுடையது. பிறந்த பிள்ளையை அப்பன் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து ஆற்றைக் கடக்க வேண்டும்.

“மாப்ளே, செயில் கதவுல தொங்குற பூட்டு தானா தொறந்து விழுகணும். நீங்க பூட்டுக்காரருதானே, ஒண்ணு செஞ்சு குடுங்களேன்” என்றார்கள்.

செய்துகொடுத்தேன். முதல் வருஷம் பூட்டு வாய் பிளந்து டமாலென்று விழுந்ததும் கூட்டமே எழுந்து நின்றது. அதற்கப்புறம் விடுவார்களா? இடி கேட்டார்கள், தகரத்தைத் தொங்கவிட்டு உலுக்கினேன். மின்னல் கேட்டார்கள், தெரிந்த பையனை வெல்டிங் செட்டோடு கூட்டிவந்து திரைக்குப் பின்னால் உட்கார வைத்தேன். மூன்றாம் வருஷம் ஆறு வந்தது. எப்படி மாப்ளே, எப்படி மாப்ளே என்று பிராணனை வாங்குவார்கள். “நரம்புங்க. நரம்பைக் கட்டி இழுக்கிறேன்” என்று உள்ளதைச் சொன்னால், “மாப்ளைக்கு அடக்கத்தைப் பாரு” என்று சிரிப்பார்கள். உண்மையைச் சொல்லி யாரும் நம்பாத ஒரே ஊர் அதுதான்.

அந்த நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்துப் பிறப்பதைத் தவிட்டுக்கு விற்று வாங்குவது எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் இருப்பதுதான். பிள்ளையை யார் கையிலாவது கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைத் தந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் அது பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. எமன் அதைத் தேடி வரமாட்டான் என்று நம்பிக்கை. மற்ற ஊர்களில் இதை வீட்டு வாசலில் முடித்துக்கொள்வார்கள். இவர்கள் நாடகத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பொம்மைக்குப் பதிலாக அந்தப் பிள்ளையையே கூடையில் வைத்து அப்பன் வேஷக்காரர் ஆற்றில் இறங்குவார். பிள்ளையின் கால் தண்ணீரில் பட வேண்டும். பட்ட பிறகே ஆறு பிரிய வேண்டும். எதிர்க்கரையில் பெற்றவள் முறத்தோடு நிற்பாள். தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள்.

எங்களுக்கு முதல் பிள்ளை பிறக்கும்போதே உயிரோடில்லை. இரண்டாவது, பையன், எழுபது நாள் இருந்தான். மூன்றாவதாகப் பெண் பிறந்ததும் மனைவி முடிவு செய்துவிட்டாள்.

“இவளை நாடகத்துல வச்சுத்தான் வாங்கணும்” என்றாள்.

“அது நான் வெட்டித் தச்ச ஆறுடி.”

“இருக்கட்டும். எம் பிள்ளை தாண்டட்டும்.”

சரி என்றேன். அவள் கேட்டது ஒரு பொம்பளை கேட்கக்கூடிய மிகச் சின்ன விஷயமாக எனக்குப் பட்டது.

கைக்குழந்தை இருந்தால் பொழுது இருட்டிய உடனே அந்தக் காட்சியை வைத்துவிடுவார்கள். அன்றும் அப்படித்தான். அப்பன் வேஷம் கட்டியவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார், நல்ல சாரீரம். பூட்டு விழுந்தது. கதவு திறந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். ஆட்கள் துணியை ஆட்டிக்கொண்டே உயர்த்தினார்கள். முழங்கால், இடுப்பு, மார்பு. வெல்டிங் பையன் மின்னலைக் காட்டினான். தகரம் இடித்தது. கூடைக்குள் என் மகள் வீரிட்டாள்.

அது பசி அழுகை இல்லை. பயந்த அழுகை. நாற்பத்தைந்து நாளில் எனக்கு அவளுடைய அழுகையெல்லாம் அடையாளம் தெரியும். வாத்தியார் துணிச்சுற்றுக்குள்ளிருந்து அந்தச் சின்னக் காலை வெளியே எடுத்துவிட்டுக் கூடையை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார். பாட்டின் கடைசி அடியை இழுத்துப் பாடினார். ஆர்மோனியம் காத்திருந்தது. காலுக்கும் நீலத் துணிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்று நரம்பைச் சுண்டிவிட்டேன்.

ஆறு பிரிந்தது. ஆர்மோனியக்காரர் திடுக்கிட்டு அவசரமாகக் கட்டையை அழுத்தினார். மணி அடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். வாத்தியார் அனுபவஸ்தர், ஒன்றும் நடக்காததுபோல வழியில் நடந்து வந்தார். எதிர்க்கரையில் மனைவி முறத்தை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். முறத்தின் நிழல் விழுந்து அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. தவிட்டைக் கொடுத்தாள், பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

இருபது நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் காலையில் முடிந்துவிட்டது. டாக்டர் என்னவோ விளக்கிச் சொன்னார். காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

துக்க வீட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தண்ணீர்க் குடத்தோடு வாசல்படியில் நின்றேன். மனைவியின் சின்னம்மா, ஊரில் எல்லாருக்கும் அவள் வாயென்றால் பயம், மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

“ஏத்தா, ஒண்ணு கேக்குறேன். அன்னைக்குக் கால் தண்ணியில பட்டுச்சா?”

எல்லாரும் மனைவியைப் பார்த்தார்கள். குடத்தை இறக்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“பட்டுச்சு சின்னாத்தா” என்றாள் மனைவி. “பாதம் முழுக்க நனைஞ்சுபோச்சு.”

துணி எப்படி நனைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்கள். அப்புறம் தவிடு புதுத் தவிடா, பழசா என்று பேச்சு போயிற்று. கால் படாததை அவள் பார்க்கவில்லை என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. மகள் செத்த அன்றைக்கு நான் உணர்ந்தது அந்த நிம்மதி ஒன்றுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வரும்.

நாலாம் நாள் பட்டறைக்குப் போனேன். அராவினேன். எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நானே டீ வாங்கிக்கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கூட வேலை செய்தவர்கள் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள், போனேன், அவர்கள் சிரித்த இடத்தில் சிரித்தேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியாது. வீட்டில் அவளும் நானும் பேசிக்கொண்டோம். கேஸ் தீர்ந்துவிட்டது, தண்ணி வரவில்லை, வீட்டுக்காரர் வந்திருந்தார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

துணிக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். கொக்கியைச் செய்தவனுக்குத் தெரியாதா? பட்டறை வைஸின் வாயில் இரும்பைக் கடிக்கவிட்டு ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த ஒரு சாண் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் செய்யவில்லை.

இரண்டு வருஷத்தில் பையன் பிறந்தான். அவனைத் தவிட்டுக்கு வாங்கலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தங்கிவிட்டான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தபோதும் சந்தோஷம் என்று ஒன்று வந்ததாக ஞாபகமில்லை. நாடக வேலையை விட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் பட்டறையில் வேலை அதிகம் என்றேன். திருவிழாவுக்கு அவளும் ஊருக்குப் போவதில்லை.

மகள் போய் ஒன்பது வருஷம் கழித்து ஊரிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். ஆறு சரியாகப் பிரிய மாட்டேன் என்கிறதாம். போன வருஷம் கொக்கி சிக்கி, அப்பன் வேஷக்காரர் கழுத்தளவு தண்ணீரில் பத்து நிமிஷம் நின்று பாடினாராம். இந்த வருஷம் மனைவி பிறந்த தெருவிலேயே ஒரு பெண்ணுக்கு இரண்டு போய் மூன்றாவது பிறந்திருக்கிறது.

“நீங்க வந்தாத்தான் ஆகும் மாப்ளே.”

“நான் இப்ப அந்த வேலை பாக்குறதில்லைங்க” என்றேன்.

அடுப்படியிலிருந்து மனைவி வந்தாள். என்னைப் பார்க்காமல் அவர்களிடம், “வருவாரு, போங்க” என்றாள்.

கொக்கிகளையும் துணியையும் அவர்கள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கொக்கியாக அராவி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் எதிரே அரிவாள்மனையைப் போட்டு வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கினாள். பையன் வெளியே விளையாடிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“இந்த வாட்டி கால் பட்டப்புறம் இழுங்க.”

அரத்தைக் கீழே வைத்தேன்.

“பாத்தியா?”

“எதிர்க்கரையில நின்னவ நான்தானே.”

“அப்ப ஏன் பட்டுச்சுன்னு சொன்ன?”

“பின்னே? எம் புருசனை ஊரு கூடி ஏசட்டும்னு விடவா?” இரண்டு காயை நறுக்கினாள். “பிள்ளை அழுதா. உங்களுக்குப் பொறுக்கலை. அதுவும் எனக்குத் தெரியும்.”

ஒன்பது வருஷம் அவள் அதைத் தனியாக வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். என் மகளுக்காக நான் முதல் தடவையாக அழுதேன், எண்ணெய்க் கையை முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு. அவள் எழுந்து போய், பையன் உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.