ஸ்விட்சை நானே அணைத்தேன்

வீரபாண்டி பனியன் கம்பெனியில் லேபிள் அச்சிடும் லினக்ஸ் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. அச்சு புரோகிராம் தானாக ஓட ‘சிஸ்டம்டி சர்வீஸ்’ என்ற கட்டளைக் கோப்பை எழுதி வைத்தேன். மறுநாள் கரண்ட் போய் வந்ததும் அது ஓடவில்லை. பேக்கிங் நின்றது.

“எட்டாவதோட நின்னவிங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க? நாளையிலிருந்து பண்டல் தூக்குங்க,” என்றார் மேனேஜர்.

தப்பு என்னுடையதுதான். அப்போதைக்கு மட்டும் ஓட்டும் ‘ஸ்டார்ட்’ கட்டளை கொடுத்த நான், கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் அதையும் எழுப்பும் ‘எனேபிள்’ கொடுக்கவில்லை. இப்போது அதையும் கொடுத்தேன். பிறகு அவர் கண்முன்னே கம்ப்யூட்டரின் ஸ்விட்சை அணைத்தேன்.

“ஏனுங்க, கிறுக்குப் புடிச்சிருச்சா?”

“எப்படியும் கரண்ட் போகத்தானே போகுது சார்? இப்பவே போகட்டும்.”

ஸ்விட்சைப் போட்டேன். யாரும் கீபோர்டைத் தொடவில்லை. பாதியில் நின்ற லேபிள்கள் வரிசையாக வந்து விழுந்தன.

பல ஊர்களில் பண்டல் தூக்கியவன்தான் நான், அதில் கேவலமில்லை. ஆனால் என் தப்பைத் திருத்தும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.