வயர் மாறிய ஹெட்போன்

ஹெட்போன் வாங்க வவுனியாவுக்குப் பஸ் ஏறிய அன்று, நான் பெரிய இசையமைப்பாளன் என்ற நினைப்பில்தான் இருந்தேன். உண்மையில் நான் கண்டாவளையில் கோயில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவன். மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்த சின்ன மிக்சரையும் ஒரு கசெட் டெக்கையும் வீட்டின் பின்னறையில் வைத்து, சுவரெல்லாம் வெறும் நெற்சாக்குகளைத் தொங்கவிட்டு, அதற்கு ஸ்டூடியோ என்று பெயரும் வைத்திருந்தேன். எல்லாம் கார் பற்றறியில்தான் ஓடின. ஹெட்போன் ஒன்றுதான் குறை.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் வியாபாரி. அண்ணன் என்ற முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு ஹெட்போன்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று புதிது, மெல்லிய கம்பியும் பஞ்சுமாக, காற்றடித்தால் பறந்துவிடும் போலிருந்தது. மற்றது யாரோ பாவித்து விற்றது. காதை முழுதாக மூடும் பெரிய மெத்தை வைத்தது.

"தம்பி, சின்னதை எடுங்கோ. பாக்க வடிவில்லைத்தான். ஆனா ரெண்டு காதும் சரியாக் கேக்குது. இந்தப் பெரிசுக்கு ஒரு காது வேலை செய்யாது" என்றார்.

"அதை நான் திருத்துவன், நானா."

"திருத்துவீங்கள். பிறகு எனக்குச் சொல்லப்படாது."

பெரியதைத்தான் எடுத்தேன். கேட்டவர்களிடம், பக்கத்து வயலில் ஓடும் தண்ணீர்ப் பம்பின் சத்தம் உள்ளே வராது என்று காரணம் சொன்னேன். அது பாதி உண்மை. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு என்னையே பிடித்துவிட்டது என்பதுதான் மீதி.

வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தேன். செத்த பக்கத்தில் இரண்டு வயர்களும் கழன்று கிடந்தன. இரண்டும் ஒரே நிறம். எது எங்கே இருந்தது என்று யோசிக்கவில்லை. ஈயம் வைத்து ஒட்டினேன், சத்தம் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் கிழமைதான் அவள் வந்தாள். எங்கள் வயல்களில் கூலிக்கு நாற்று நடுகிற பெண். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு, புருஷனோடு வன்னிக்கு வந்து குடிசை போட்டவள். அவளுடைய தாய் இங்கே வரவில்லை. கப்பலேறி இந்தியா போய்விட்டார். அங்கே யாரோ, உன் மகள் கலவரத்திலேயே செத்துப்போனாள் என்று தாயிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"கடுதாசி போட்டுப் பாத்தேன் அண்ணே. எனக்கு எழுதத் தெரியாது, வேற ஆளுதான் எழுதுச்சு. அது என் கையெழுத்து இல்லயே, அம்மா எப்படி நம்பும்? என் கொரலக் கேட்டா நம்பிரும்" என்றாள்.

தாயின் பக்கத்து வீட்டில் ஒற்றை ஸ்பீக்கர் கசெட் றேடியோ ஒன்று இருக்கிறதாம். புருஷனுக்குத் தெரிந்த ஒருவர் மூன்று நாளில் கொழும்பு போய் அங்கிருந்து விமானத்தில் இந்தியா போகிறார், கசெட்டை அங்கே தாயின் விலாசத்துக்குத் தபாலில் போட்டுவிடுவார் என்றாள். தாய் சொல்லிக்கொடுத்த மாரியம்மன் பாட்டைப் பாடி, கடைசியில் இரண்டு வார்த்தை பேசவேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. நான் காசு வேண்டாம் என்றேன். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

புருஷன் தப்பு அடிப்பான், அந்தத் தோல் பறைதான் அம்மன் பாட்டுக்குத் தாளம். தப்பின் சத்தம் அறையில் அவளுடைய குரலை விழுங்கிவிடும் என்று அவனை முற்றத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, நீட்டு வயரில் ஒரு மைக்கைக் கொடுத்தேன். அதை இடது பக்கத்துக்கு விட்டேன். அவளுடைய குரல் இரண்டு காதிலும் நிற்கவேண்டும் என்று இரண்டு மைக்குகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்றை இடதுக்கும் மற்றதை வலதுக்கும் கொடுத்தேன்.

பாடச் சொல்லி ஹெட்போனில் கேட்டால், குரல் நடுவில் நிற்கவில்லை. தலைக்கு வெளியே எங்கேயோ கலைந்து திரிந்தது. மைக் பிழை என்று நினைத்தேன். ஆடத் தெரியாதவளுக்குத்தானே முற்றம் கோணல்! ஒரு மைக்கின் வயர்களைக் கழற்றி மாற்றிப் போட்டேன். உடனே குரல் நெற்றிக்கு நேரே வந்து நின்றது. அத்தனை தெளிவு. மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது.

அவள் கண்ணை மூடிப் பாடினாள். பாட்டு முடிந்ததும் மைக்கைக் கும்பிட்டுவிட்டு, "அம்மா, நான்தாம்மா. நல்லா இருக்கேன். யாரு என்ன சொன்னாலும் நம்பாத" என்றாள். பிறகு ஹெட்போனை அவளுடைய காதில் வைத்துப் போட்டுக் காட்டினேன். சிரித்தாள், அழுதாள். நானும் கண் கலங்கினேன். என் திறமையை நினைத்துத்தான்.

அலுமாரிக்கு மேலே அதேபோல ஒற்றை ஸ்பீக்கர் கசெட் றேடியோ ஒன்று என் வீட்டிலேயே இருந்தது. திருவிழாவுக்குப் போகும்போது எந்தக் கசெட்டையும் முதலில் ஒற்றை ஒலிபெருக்கிக் குழாயில் போட்டுப் பார்க்காமல் நான் வெளிக்கிடுவதில்லை. அன்றைக்கு மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. இப்போதுதான் என்னிடம் ஹெட்போன் இருக்கிறதே! பிரதி எடுக்கப் பற்றறியிலும் உயிர் இல்லை. இருந்த ஒரே கசெட் விமானம் ஏறிப் போனது.

மூன்று மாதம் கழித்து அவள் ஓடிவந்தாள். கையில் உடைக்காத கடிதம். புருஷன் பெயருக்கு வந்திருந்தது. அவனுக்கும் வாசிக்கத் தெரியாது. "வாசிங்கண்ணே, அம்மா என்ன சொல்லுது?" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

வாசிக்கத் தொடங்கிவிட்டேன். முதலில் ஒருதரம் மனதுக்குள் படித்துப் பார்க்கலாம் என்ற புத்திகூட எனக்கு வரவில்லை.

"மாப்பிள்ளைக்கு. நீங்க அனுப்புன கேசட்டு கெடச்சுது. தப்புச் சத்தம் மட்டுந்தான் இருக்கு. மகள் கொரல் இல்ல. வாயால சொல்ல முடியாமத்தான் தப்படிச்சு அனுப்பியிருக்கீங்கன்னு வெளங்கிருச்சு. பதினாறாம் நாளு காரியம் செஞ்சு முடிச்சாச்சு. மேளத்துக்கு ஆள் கூப்பிட வசதியில்ல. அந்தக் கேசட்டயே போட்டோம்."

இதற்குமேல் கடிதத்தில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அவளுடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. தோட்டத்தில் சாவீட்டுக்கு அடிப்பதும் அதே தப்புத்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவள் எழுந்து, கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டு போனாள்.

அவள் போனபிறகு, அதே இரண்டு மைக்குகளை அப்படியே கட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்துவரை எண்ணிப் பதிந்தேன். ஹெட்போனில் என் குரல் நடுவில் நின்றது. கசெட்டை ஒற்றை ஸ்பீக்கர் றேடியோவில் போட்டேன். வெறும் இரைச்சல். நான் திருத்திய ஹெட்போனில் ஒரு காது தள்ளும்போது மற்றக் காது இழுத்திருக்கிறது. அந்தப் பிழைக்குப் பொருத்தமாக நல்ல மைக்கையும் நான் பிழையாக்கியிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே ஸ்பீக்கருக்குள் சேர்ந்ததும் குரலைக் குரலே அழித்துவிட்டது. முற்றத்தில் தனி மைக்கில் இருந்த தப்பு மட்டும் தப்பிவிட்டது.

அடுத்த நாள் அவளுடைய குடிசைக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பிழை முழுக்க என்னுடையது என்றேன். "வா தங்கச்சி, ஒரு மைக்கில திருப்பிப் பதிவம். நானே எப்பிடியாவது அனுப்புறன்" என்று கெஞ்சினேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று என்னோடு வந்தாள்.

ஒற்றை மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கசெட் சுற்றத் தொடங்கியது. பாட்டின் முதல் அடியை எடுத்து, பாதியில் நிறுத்திவிட்டாள்.

"வேணாம்ணே" என்றாள். "காரியம் முடிஞ்சிருச்சு. இனி என் கொரலு கேட்டா அம்மா பயந்துரும்."