விளக்கு எரிந்தால்தான் ரைட்

"ஹோல்டான்!" என்று தணிகைவேல் குரல் கொடுத்ததும் பஜனை கோஷ்டி அப்படியே நிற்கிறது. பாட்டு நிற்பதில்லை, மிருதங்கம் நிற்பதில்லை, கால்கள் மட்டும்தான். செங்கல்பட்டு ரயிலடிக்குப் பின்னால் உள்ள சந்தில், எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போகும் பிள்ளை இருக்கிற வீடு அது. உள்ளே விளக்கேற்றிப் பிள்ளை புத்தகத்தோடு உட்காருகிற வரைக்கும் மார்கழி பஜனை அந்த வாசலை விட்டு நகராது. வெளிச்சம் தெரிந்தால், "போலாம், ரைட்!"

மகாபலிபுரம் போகிற முதல் பஸ்ஸின் கண்டக்டர் அவர். நெற்றி நிறையத் திருநீறு, உடம்பில் காக்கிச் சட்டை, கையில் தாளம். பஜனை முடிந்ததும் நேரே டூட்டிதான். ஆறுமுகன் கல்விச் சபைக்குத் தலைவரும் அவரே. செயலாளர் ஆதியம்மாள் நகராட்சிப் பள்ளி ஆசிரியை. மாலையில் முருகன் கோயில் மண்டபத்தில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பாடம் எடுக்கிறவர். அவர் பாடம் நடத்துவார். இவர் பிள்ளை பிடிப்பார். பஸ்ஸில் சிறுசுகள் ஏறினால் எங்கே போகவேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் என்ன வகுப்பு என்று கேட்கிற கண்டக்டர் இந்த ஜில்லாவிலேயே இவர் ஒருவர்தான்.

கோயிலில் எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்பவர்களுக்கு அவரிடம் பதில் தயார்: "சாமிக்கு ஆறு தலை. நம்ம புள்ளைங்களுக்கு ஒண்ணுதான் கீது. அத்த சும்மா வுட்றதா?"

இந்த மார்கழியில் முதல் நாள் ஒரு வீடு மட்டும் இருட்டாகவே கிடந்தது. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் அப்பாசாமியின் வீடு. அவர் மகள் ஆராயிதான் அந்தச் சந்திலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்த முதல் பெண். பொங்கல் கழிந்ததும் படிப்பை நிறுத்தி, சதுரங்கப்பட்டினத்து அத்தை வீட்டுக்குக் கருவாடு காயவைக்க அனுப்பிவிடுவதாக அப்பாசாமி முடிவு கட்டியிருந்தார். கோஷ்டி வந்து நின்றதும் கதவைத் திறந்துகொண்டு கத்தினார்.

"எம்பொண்ணு பரீச்ச எய்தல. இன்னாத்துக்கு இங்க நின்னுகினு பேஜாரு பண்றீங்க?"

"மார்ச் வரைக்கும் பொறுத்துக்கோப்பா. அவ பாஸ் பண்ணுவா, நான் சொல்றேன்" என்றார் கோஷ்டியோடு வந்திருந்த ஆதியம்மாள்.

"பாஸ் பண்ணா எவன் கட்டிக்குவான், டீச்சரம்மா? வெளக்கு ஏத்தமாட்டேன். போங்க."

பாட்டு நடந்துகொண்டே இருந்தது. கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. மிருதங்கம் வாசிக்கும் காசிநாதன் மெல்லச் சொன்னான்: "அண்ணாத்த, பஸ்ஸு எடுத்துடுவான். மெமோ குடுப்பாங்க."

"குடுக்கட்டும்டா. இந்த ஸ்டாப்புல ஒரு ஆளு ஏறணும்."

அப்போதுதான் இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நந்தி மலைக்கு அருகில் உற்பத்தியாகும் பாலாறு..." ஆராயிதான். விளக்கும் இல்லை, புத்தகமும் தெரியாது. ஊர் ஊராகச் சொல்லி ஆற்றைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்தை ஆரம்பித்தாள். கோஷ்டியில் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்திக் காது கொடுத்தார்கள். தான் பெற்ற பிள்ளை படித்திருந்தால்கூடத் தணிகைவேல் இவ்வளவு பூரித்திருக்க மாட்டார்.

அப்பாசாமி மகளின் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு மனைவியைக் கேட்டார்:

"வத்திப்பொட்டி எங்கடி கீது?"

சிம்னி விளக்கின் மஞ்சள் வெளிச்சம் வாசல் வரைக்கும் வந்தது. தணிகைவேல் தாளம் இரண்டையும் ஓசைப்படாமல் உள்ளங்கைகளுக்குள் சேர்த்துப் பிடித்து, கோயிலைக் கும்பிடுவதுபோல அந்த வீட்டைப் பார்த்துக் கும்பிட்டார்.